அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏற்றுவதைக் குறைக்கும் மருந்துகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தம் நிறையப் போன பிறகு டிரானெக்சாமிக் அமிலத்தைத் தேடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இது ரத்தத்தை உறைய வைக்காது. உடல் தானே கட்டிய உறைவு கரைந்துவிடாமல் காக்கும். எல்லாம் கரைந்தபின் காக்க என்ன இருக்கிறது? அதனால் கத்தி வைக்கும் முன்பே, பெரியவர்களுக்குப் பொதுவாக 1 கிராம், சிரை வழியே சுமார் 10 நிமிடத்தில் மெதுவாகப் போக வேண்டும். வேகமாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரியும். விபத்துக் காயமென்றால் 3 மணி நேரம்தான் எல்லை. அதைத் தாண்டிக் கொடுத்தவர்களிடம் ரத்தப்போக்கால் நேரும் மரணம் கூடியதை, காயமடைந்தவர்களிடம் இந்த மருந்தைச் சோதித்த கிராஷ்-2 ஆய்வு காட்டியது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் மருந்து உடலில் தேங்கி வலிப்பு வரலாம்.

இன்னொரு தவறு உயிரையே பறிப்பது. முதுகில் போடும் மரப்பு மருந்தான புபிவகெய்னின் ஆம்பூலும் டிரானெக்சாமிக் அமிலத்தின் ஆம்பூலும் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கும்: சிறு கண்ணாடிக் குப்பி, நிறமற்ற திரவம். மாறி முதுகுத்தண்டுக்குள் போனால் இடுப்பிலும் கால்களிலும் கடும் வலி, தசைத்துடிப்பு, பிறகு வலிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதைப் பற்றி எச்சரித்தது. மயக்க மருந்துத் தட்டில் இதை வைக்கவே கூடாது. ஆம்பூலின் கழுத்தை உடைக்கும் முன் ஒருமுறை, சிரிஞ்சில் இழுக்கும் முன் மறுமுறை, லேபிளை வாய்விட்டுப் படியுங்கள்.

ரத்தசோகையை முந்தின நாள் கண்டுபிடிப்பதில் பயனில்லை. அறுவை சிகிச்சை முடிவான அன்றே ஹீமோகுளோபினும், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புக் குறை உறுதி. ஆனால் உடலில் அழற்சி இருந்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும்; அப்போது டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். நாள் குறைவென்றால் சிரைவழி இரும்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அவசரத்தில் மாத்திரையை இரட்டிப்பாக்கினால் இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து மறுநாள் உறிஞ்சுவது குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதே நல்லது. தேநீர், பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூடவே வேண்டாம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டினை இரும்பு இல்லாமல் கொடுப்பது வீண், ரத்தக்கட்டு அபாயம் வேறு.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளான வார்ஃபரினையும் குளோபிடோக்ரெலையும் வழக்கமாக 5 நாள் முன்னதாக நிறுத்துவார்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவர் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு நோயாளியைக் குளிரில் கிடத்துவதும் நடக்கிறது. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால், ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், உறைவே சரியாகக் கட்டாது.