பத்ம விருதுக்குப் பெயர் அனுப்புவதும், வந்த விருதைக் காப்பாற்றிக்கொள்வதும்

கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் சீட்டில் பல வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கூத்துக் குழுக்காரர்களும் நாட்டு வைத்தியர்களின் பிள்ளைகளும் “எங்க வாத்தியாருக்குப் பத்மஸ்ரீக்கு எழுதிக் கொடுங்க சார்” என்று வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சிபாரிசுக் கடிதம் கேட்டு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்காதீர்கள். யார் வேண்டுமானாலும் பெயர் அனுப்பலாம். தன் பெயரைத் தானே அனுப்பிக்கொள்ளவும் தடையில்லை. ராஷ்ட்ரிய புரஸ்கார் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கடைசித் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். முன்பு செப்டம்பர் 15 வரை இருந்ததே என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மாவட்ட நிர்வாகம் செய்தித்தாளில் கொடுக்கும் தேதி பெரும்பாலும் இன்னும் முன்னதாகவே இருக்கும்.

யாருக்குக் கிடைக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்கும் பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கும் கிடையாது. மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் மட்டும் விதிவிலக்கு. இறந்தவருக்குச் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. பத்மஸ்ரீ, அதற்கு மேல் பத்மபூஷண், அதற்கும் மேல் பத்மவிபூஷண் என்று மூன்று படி. ஏற்கெனவே ஒரு பத்ம விருது வாங்கியவருக்கு அடுத்த படி வேண்டுமானால், நடுவில் குறைந்தது 5 வருஷ இடைவெளி வேண்டும். இளையராஜாவுக்கு 2010-இல் பத்மபூஷண், 2018-இல் பத்மவிபூஷண்.

இனி உண்மையான வேலை: 800 வார்த்தைக்குள் எழுத வேண்டிய சாதனைக் குறிப்பு. மனு விழுவதும் எழுவதும் இதில்தான். பத்துக்கு எட்டு பேர் “கலைக்காகவே தன் வாழ்வை அர்ப்பணித்த ஒப்பற்ற மாமேதை” என்று ஆரம்பித்து, அதே சுருதியில் முடித்தும் விடுகிறார்கள். டெல்லியில் படிப்பவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கூத்து வாத்தியார் என்றால் நான் இப்படிக் கேட்பேன்: எந்த வருஷம் முதல் மேடை? என்ன வேஷம்? கதையை அறிமுகம் செய்து சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரனா, ராஜா வேஷமா? எத்தனை பேருக்கு அடவு, அதாவது ஆட்ட அசைவுகள், சொல்லிக் கொடுத்தார், அவர்களில் யார் யார் தனிக் குழு வைத்திருக்கிறார்கள்? பெண் பிள்ளைகளைச் சேர்த்தாரா? ஆடுகிறவர் இல்லாமல் மறந்துபோன ஏதாவது ஒரு கூத்தைத் திரும்ப மேடையேற்றினாரா? இதற்கெல்லாம் பதில் வந்தால், “இருபது வருஷமாக ஆள் இல்லாமல் கிடந்த கூத்தைப் பழைய ஏட்டுப் பிரதியை வைத்து மீட்டு, தன் மாணவர்களைக் கொண்டு விடிய விடிய ஆடவைத்தார்” என்று ஒரு வரி எழுத முடியும். மாமேதை என்று சொல்லத் தேவையே வராது.

சந்தேகம் இருந்தால் விருது வாங்கியவர்களைப் பாருங்கள். 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை பாப்பம்மாள் பாட்டி, நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் செய்தவர். 2023-இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பெற்றார்கள். பாம்பு பிடிக்கும் இருளர்கள். இவர்கள் செய்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம், அந்த வரி மனதில் நிற்கும்.

பெயர்களைப் பரிசீலிப்பது பத்ம விருதுக் குழு. பிரதமர் வருஷாவருஷம் அமைப்பார், கேபினட் செயலாளர் தலைவர். அவர்கள் பரிந்துரை பிரதமர், குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் போகும். மரணத்துக்குப் பிந்தைய விருதுகளையும் வெளிநாட்டினர், வெளிநாடுவாழ் இந்தியர்களையும் சேர்க்காமல், ஒரு வருஷத்துக்கு 120-க்கு மேல் கொடுக்கக் கூடாது. கையில் கிடைப்பது குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பட்டயமும் பதக்கமும், சட்டையில் அணிய அதன் சிறு நகலும். பணம் கிடையாது, ரயிலில் சலுகையும் கிடையாது. அதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

விருது வந்த மறுநாள் ஊரில் நடப்பதுதான் எனக்குப் பயம். பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ், அதில் பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் “பத்மஸ்ரீ”. இது தவறு. அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, ராணுவ, கல்விப் பட்டங்களைத் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. அப்படியானால் பத்ம விருதும் பாரத ரத்னாவும் எப்படிச் செல்லும் என்று வழக்குப் போனது. இவை பட்டங்கள் அல்ல, அதனால் செல்லும், ஆனால் பெயரோடு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ சேர்க்கக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீறினால் விருதையே இழக்க நேரிடும். கல்யாணப் பத்திரிகை, லெட்டர்பேட், புத்தக அட்டை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கலைமாமணி என்று போட்டே பழகிய நம் ஊர் அச்சகக்காரர் கேட்காமலே சேர்த்துவிடுவார், ஆகவே புரூஃப் பார்க்கும்போது கண்ணை அங்கே வையுங்கள். மேடையில் அறிமுகம் செய்கிறவர், “இன்ன வருஷம் பத்மஸ்ரீ பெற்றவர்” என்று தனி வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

சரி, கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? முடியும். விருதை ரத்து செய்யும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. ரத்தானால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும், பதக்கத்தையும் பட்டயத்தையும் ஒப்படைத்தாக வேண்டும். இன்ன குற்றத்துக்கு ரத்து என்று விதி பட்டியல் போடவில்லை. அதனால் பத்திரிகையில் ஒரு புகார் வந்ததுமே “பறித்துவிடுவார்களாமே” என்று பதறுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புகார் வந்ததும் விருது தானாகப் போய்விடாது, அதற்குத் தனி உத்தரவு வேண்டும், அது மத்திய அரசிதழிலும் வெளியாக வேண்டும். ரத்து செய்ததை வாபஸ் வாங்கி விருதைத் திரும்பக் கொடுக்கவும் அதே விதியில் வழி இருக்கிறது. அந்த அறிவிப்பும் அரசிதழில்தான் வரும்.