வரிக்குதிரை மீன் கருவில் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தடுத்துப் பார்க்கும் முறை

ஒரு சமிக்ஞைப் பாதை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வழி, கருவில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய எளிய வழி, அதைக் குறித்த நேரத்தில் நிறுத்திவிட்டு எது உருவாகாமல் போகிறது என்று பார்ப்பதே. ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதம் செய்தி கொண்டுசெல்லும் பாதைக்கு இதைச் செய்ய உதவும் மருந்து சைக்ளோபமைன். செல் சவ்விலுள்ள ஸ்மூதென்ட் என்னும் புரதத்தில் இது ஒட்டிக்கொள்வதால், வெளியே ஹெட்ஜ்ஹாக் இருந்தாலும் செய்தி உட்கருவை எட்டுவதில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு காட்டுச்செடியை மேய்ந்த ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றதற்குக் காரணமான பொருள் இதுதான். ஆகவே கையுறை கட்டாயம். கருவுற்றிருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

கருக்களை 28.5 டிகிரி செல்சியஸில் வளர்த்து, கருவுற்றுச் சுமார் 5 மணி நேரத்தில், செல்படலம் மஞ்சள்கருவின் பாதியை மூடும் கட்டத்தில், ஒரே நிலையிலுள்ளவற்றைப் பிரித்தெடுங்கள். எத்தனாலில் கரைத்த 10 மில்லிமோலார் மருந்துக்கரைசலில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, கருக்களை வளர்க்கும் உப்புநீருடன் சேர்த்து 10 மில்லிலிட்டராக்கினால் 50 மைக்ரோமோலார் கிடைக்கும். அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த இன்னொரு தட்டும் வேண்டும். அது இல்லாத சோதனையை நான் சோதனையாகவே கருதமாட்டேன். மருந்தின் வீரியம் தொகுதிக்குத் தொகுதி மாறக்கூடும் என்பதால், முதல்முறை 20 முதல் 100 மைக்ரோமோலார் வரை சில அளவுகளை வைத்துப் பார்ப்பது நல்லது.

கருவுற்று 24 மணி நேரத்தில் நுண் இடுக்கியால் முட்டையுறையை நீக்கி, கருவைப் பக்கவாட்டில் கிடத்தி, உடலின் நடுப்பகுதியிலுள்ள சோமைட்டுகளை, அதாவது பின்னர் தசையாகும் அடுக்கடுக்கான திசுக்கண்டங்களை, பாருங்கள். எத்தனால் தட்டில் அவை கூர்மையான கோணமாக மடிந்து தலைப்பக்கம் நோக்கியிருக்கும். மருந்துத் தட்டில் அந்தக் கூர்மை மழுங்கி, படுக்க வைத்த 'ப' வடிவில் தெரியும். முதுகுநாணிலிருந்து வரும் ஹெட்ஜ்ஹாக் கிடைக்காததால், அதை ஒட்டியுள்ள செல்கள் மெதுவியக்கத் தசையாக மாறுவதில்லை. தசைத்தொகுதியை மேல், கீழ் என்று பிரிக்கும் கிடைத்தடுப்பும் உருவாவதில்லை. ஹெட்ஜ்ஹாக் மரபணு பழுதான மீன்களிலும் இதே வடிவமே காணப்படுகிறது.

மருந்துக் கருக்கள் வளர்ச்சியில் பின்தங்கியிருக்கலாம். எனவே கடிகாரத்தை நம்பாமல், சோமைட்டுகளை எண்ணி ஒத்த நிலையிலுள்ளவற்றையே ஒப்பிடுங்கள். மூன்றாவது தட்டில் மருந்தைக் கருவுற்று 15 மணி நேரத்தில் சேர்த்தால், அதற்குள் உருவாகிவிட்ட முன்பக்கச் சோமைட்டுகள் பெரும்பாலும் கோணத்தைக் காப்பாற்றிக்கொள்வதையும், பாதிப்பு வால்பக்கமாக ஒதுங்குவதையும் எதிர்பார்க்கலாம்.