வெடிச் சத்தத்துக்குப் பிறகு காதுக்குள் ‘கொய்ங்’: முதல் சில நாட்களில் செய்யக்கூடாதவை

அணைந்துவிட்டது என்று நினைத்த திரியைக் குனிந்து பார்க்கும்போது வெடி பக்கத்திலேயே வெடித்துவிடும். கண் தப்பியது, கை சுடவில்லை என்று வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். காது மட்டும் கும்மென்று அடைத்துக்கொண்டு, உள்ளே ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் டிஜே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும், திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே கடை போட்டவருக்கும் இதேதான் நடக்கிறது.

பெரும்பாலானோருக்கு இந்த இரைச்சல் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கிவிடும். அடங்காமல் போகும்போது பலரும் இரைச்சலை நினைத்துப் பதறுகிறார்கள். ஆனால் காது கேட்பது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. மருத்துவத்தில் அவசரம் என்பது இந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான். அதனால் “தானாகச் சரியாகிவிடும்” என்று பத்துப் பதினைந்து நாள் ஓட்டுவதைத்தான் முதல் தவறு என்பேன்.

உள்காதில் சுருள் வடிவில் காக்ளியா என்றொரு உறுப்பு இருக்கிறது. அதில் காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். ஒலி வரும்போது இவைதான் அசைந்து மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. பெரிய சத்தத்தில் சில செல்கள் சோர்ந்து பிறகு தேறிவிடும், சில செத்தே போகும். பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கும், நமக்கு முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் சேதி குறைந்ததும், அதை ஈடுகட்ட மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டி வைக்கிறது. அந்த இரைச்சல் பெரும்பாலும் இப்படி உண்டாவதுதான். அந்த ‘கொய்ங்’ காதை மேலும் கெடுப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

கேட்பது குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தெரிந்த ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டே, போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிப் பாருங்கள். குரல் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கம்மியாகவோ கரகரப்பாகவோ கேட்டால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். தலை சுற்றுவது, காதில் ரத்தம் அல்லது நீர் வடிவது, முகத்தின் ஒரு பக்கம் தளர்வது, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைச்சல் துடிப்பது, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. உள்காதின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் அது வெகுவாகக் குறைந்துவிடும். அதற்காக மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு அது தனிச் சிக்கல்.

அப்புறம், எண்ணெய். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விடச் சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் விடக்கூடாது. வெடியின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்திருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்க வழி செய்யும். பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு எதுவும் உள்ளே போக வேண்டாம். மூக்கைப் பலமாகச் சிந்தவும் வேண்டாம். டாக்டர் உள்ளே பார்த்துச் சொல்லும்வரை, தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதின் வாயில் வைத்துக்கொண்டால் தண்ணீர் போகாது. இப்படிப்பட்ட கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும்.

இரைச்சல் ஓடும்போதே மறுபடி சத்தத்துக்குள் போய் நிற்பது அடுத்த தவறு. “இன்னும் ரெண்டு நாள்தானே திருவிழா” என்பார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலை இடங்களுக்கான அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம்தான். சட்டப்படி தயாரித்த வெடியே 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை வெடிக்கலாம். பக்கத்தில் நிற்பவருக்கு அதைவிட அதிகம். காதில் பஞ்சு வைத்தேனே என்பதிலும் பெரிய பயனில்லை. சத்தம் அதன் வழியாகவே போய்விடும். மெடிக்கலில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக்கை விரலில் உருட்டி மெல்லிதாக்கி, காது மடலை மேல்பக்கமாக இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருந்தால்தான் பலன். இரைச்சலை அமுக்குவதற்காக இயர்போனில் பாட்டைச் சத்தமாக வைப்பது, அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடிப்பதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறையும் பார்க்கிறோம். பயந்துபோய் நாள் முழுக்க இயர்பிளக்கோடு இருப்பது, ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு நிசப்தத்தில் படுப்பது. நிசப்தத்தில் ‘கொய்ங்’ மட்டுமே கேட்கும். போகப் போகப் பாத்திரம் விழுகிற சத்தம்கூடத் தாங்காமல் ஆகிவிடும். சாதாரணப் பேச்சு, தெருச் சத்தம், சமையலறைச் சத்தம் எல்லாம் காதுக்கு நல்லதே. ராத்திரிக்கு சீலிங் ஃபேன் போதும். மழைச் சத்தம் மாதிரி ஏதாவது போனில் போடுவதானால், இரைச்சலை முழுக்க மறைக்காமல் அதைவிடக் கொஞ்சம் கம்மியாக வையுங்கள். நடுராத்திரியில் எழுந்து “இன்னும் கேட்குதா” என்று காதைப் பொத்திப் பொத்திப் பரிசோதிப்பதை மட்டும் எப்படியாவது நிறுத்துங்கள். கவனிக்கக் கவனிக்க மூளை அதை முக்கியமான சேதி என்று எடுத்துக்கொள்ளும்.

மாத்திரைகளில் காசைக் கரைப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஜின்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றை நீடித்த காது இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி சொல்கிறது. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையை இரைச்சலுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் 2020 வழிகாட்டி சொல்கிறது. ஏற்கெனவே வேறு காரணத்துக்காக டாக்டர் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

“இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கோங்க” என்று கேட்டுவிட்டு இடிந்துபோய் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அதோடு விட்டுவிட வேண்டாம். இரைச்சலை அப்படியே அழிக்கும் மாத்திரை இல்லை என்பது உண்மை. ஆனால் அதனால் வரும் தவிப்பைக் குறைக்க அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சை உதவுகிறது, கேட்பது குறைந்தவர்களுக்குக் காது மெஷினும் உதவுகிறது. தூக்கம் போய் மனம் உடைந்த நிலையில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கடைசியாக, “எனக்கு நல்லாத்தான் கேட்குது” என்று ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனையை எடுக்காமல் விடுவது. சத்தத்தால் வரும் சேதம் முதலில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் பக்கம்தான் தெரியும். பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருப்பதால் எதிரில் உட்கார்ந்து பேசுபவரின் குரல் தெளிவாகவே கேட்கும். கூட்டத்தில்தான் வார்த்தைகள் நழுவும். அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இந்தப் பரிசோதனை நடக்கிறது. எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். விசைத்தறி, பட்டறை, கல்குவாரி, பேண்டு செட் என்று சத்தத்திலேயே பிழைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இழப்பீடு கேட்கத்தக்க தொழில்சார் நோய்களின் பட்டியலில் சத்தத்தால் வரும் செவித்திறன் குறைவும் இருக்கிறது. கேட்கப் போகும்போது அந்த ரிப்போர்ட்டும் அதில் உள்ள தேதியும் கையில் இருக்க வேண்டும்.