விழுந்து முளைக்கும் வயதில் பற்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏறத்தாழ 6 வயதிலிருந்து 12 வயது வரை குழந்தையின் வாயில் பால் பற்களும் நிரந்தரப் பற்களும் கலந்தே இருக்கும். இந்தக் காலத்தில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது, முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லைப் பால் பல் என்று எண்ணிவிடுவதுதான். 6 வயதையொட்டி வரும் இந்தப் பல்லுக்கு வழிவிட எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் அது தானாக முளைத்துவிடுவதால், வீட்டில் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. அதில் சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது.

கண்டுபிடிப்பது எளிது. பால் பற்கள் ஒவ்வொரு தாடையிலும் பக்கத்துக்கு ஐந்துதான். நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆறாவது இடத்தில் நிற்பது நிரந்தரப் பல். பாதி முளைத்த நிலையில் அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். மேற்பரப்பின் ஆழமான பள்ளங்களில் உணவுத் துணுக்குகள் தங்கிவிடும். எனவே பிரஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக வைத்து, பெற்றோரே துலக்கிவிடுவது நல்லது. அந்தப் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சு பற்றியும் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

சொத்தையான பால் கடைவாய்ப் பல்லை, எப்படியும் விழப்போவதுதானே என்று பிடுங்கிவிடச் சொல்வது அடுத்த தவறு. அந்தப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. இரண்டாவது பால் கடைவாய்ப் பல்லை 6, 7 வயதிலேயே எடுத்துவிட்டால், பின்னாலுள்ள நிரந்தரப் பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடியில் வளரும் பல்லுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எடுத்தே தீர வேண்டுமென்றால், அந்த இடத்தைக் காக்கும் கம்பி தேவையா என்பதை அன்றே கேட்டுவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, கவலைப்படத் தேவையில்லாதவற்றுக்குப் பலர் பதறுகிறார்கள். புதிய பல் பால் பல்லைவிட மஞ்சளாகத் தெரிவதும், வெட்டுப் பற்களின் விளிம்பு ரம்பம் போலிருப்பதும் இயல்பே. மேல் முன்பற்களுக்கிடையிலான சிறு இடைவெளி பெரும்பாலும் கோரைப் பற்கள் இறங்கும்போது குறைந்துவிடும் என்பதால், 8 வயதிலேயே அதற்குக் கம்பி போட அவசரப்பட வேண்டாம். கீழ் முன்பல் பால் பல்லுக்குப் பின்னால் முளைத்தால், பால் பல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடாமல் இறுகி நின்றால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயதுப் பட்டியலை மட்டும் நம்புவதும் சரியன்று. சில மாதங்கள் முன்பின்னாக முளைப்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். ஒரு பக்கத்துப் பல் வந்து ஆறு மாதமாகியும் அதன் இணைப்பல் மறுபக்கத்தில் வராதிருப்பதுதான் உண்மையான எச்சரிக்கை. மேல் கோரைப் பற்களில் இதை இன்னும் முன்னதாகவே கண்டுகொள்ளலாம். 10 வயதையொட்டி மேலுதட்டைத் தூக்கி, பால் கோரைப் பல்லுக்கு மேலுள்ள ஈறை விரலால் தடவினால், வரப்போகும் பல்லின் புடைப்பு பொதுவாகத் தட்டுப்படும். இரு பக்கமும் தட்டுப்படாவிட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டாலோ, பல் அண்ணத்தின் பக்கம் திசைமாறி வளர்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.