கெமிக்கல் லைனுக்கு காலேஜ் தேடுறவங்க சறுக்குற இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா நம்ம மதுரைப் பக்கம் கட்ஆஃப் எவ்வளவு, எந்த காலேஜ் கிடைக்கும், இதான் பேச்சு. கெமிக்கல் கம்பெனிக்குப் போகணும்னு இருக்கிற பசங்களுக்கு அது மட்டும் பத்தாது, இந்த லைன்ல காலேஜ் பேர விட டிபார்ட்மென்ட்தான் சோறு போடும்.

கோர்ஸ்லயே குழப்பம் ஆரம்பிச்சிரும். "கெமிஸ்ட்ரில சென்டம்ணே, கெமிக்கல் இன்ஜினியரிங்ல போட்ருவோம்"ங்கிறாய்ங்க. உள்ள போனா ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்னு முக்காவாசி கணக்கும் பிசிக்ஸும்தான். டைட்ரேஷன், சால்ட் அனாலிசிஸ்னு லேப்ல நிக்கத்தான் பிடிக்கும்னா பி.எஸ்சி, எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சு க்யூசி (சரக்கோட தரம் பாக்குற வேலை), ஆர் அண்ட் டி (ஆராய்ச்சி) பக்கம் போகலாம், அதுக்கு அமெரிக்கன் காலேஜ், மதுரா காலேஜ், பொண்ணுங்கன்னா லேடி டோக்னு ஊருக்குள்ளயே இருக்கு. பிளான்ட்ல நின்னு வேலை பாக்கணும்னாதான் பி.டெக்.

வீட்டுக்குப் பக்கத்துல கெமிக்கல் இல்லையேன்னு கிடைச்ச பிராஞ்ச்ல சேர்றது இன்னொண்ணு. காரைக்குடில சிக்ரி இருக்கு, அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் குடுக்க 1948ல நேரு அடிக்கல் நாட்டுன மத்திய அரசு எலக்ட்ரோகெமிக்கல் ஆராய்ச்சி நிலையம், அங்கயே பி.டெக் கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் படிக்கலாம், பேட்டரி, துருப்பிடிக்கிறது, பிளேட்டிங்னு போற ஆளுக்கு அது தனி ரூட்டு. நம்மாளுக நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. கட்ஆஃப் நல்லா இருந்தா கிண்டி ஏசி டெக் (அழகப்பா காலேஜ் ஆஃப் டெக்னாலஜி), ஜேஇஇ ரேங்க் இருந்தா திருச்சி என்ஐடி.

பிளேஸ்மென்ட் விஷயத்துலதான் ஏமாறுறது ஜாஸ்தி. பிளெக்ஸ்ல போட்டிருக்கிற பர்சன்டேஜ் மொத்த காலேஜுக்கும் சேத்து போட்டது. கெமிக்கல் டிபார்ட்மென்ட்ல போன வருசம் யார் யாருக்கு எந்த கம்பெனில என்ன போஸ்ட்னு லிஸ்ட் கேளுங்க. அதுல பூரா ஐடி கம்பெனியா இருந்தா அது கோர் வேலை, அதாவது படிச்ச துறையிலயே கிடைக்கிற வேலை இல்ல, நாலு வருசம் டிஸ்டிலேஷன் படிச்சிட்டு கோடிங் ட்ரெய்னிங் போக வேண்டியதுதான். நாக் (NAAC) கிரேடு காட்டி மயக்குவாங்க, அது மொத்த காலேஜுக்கும் போடுற தரம். கோர்ஸுக்குத் தனியா குடுக்கிற அங்கீகாரம் என்பிஏ (NBA), கெமிக்கலுக்கு அது இருக்கா, எந்த வருசம் வரைக்கும்னு பாருங்க.

அட்மிஷன் ஆபீஸ் ஏசி ரூம்லயே பேசி முடிச்சிட்டு வந்துராதீங்க, லேப காட்டச் சொல்லுங்க. ஸ்டீம் குடுக்கிற பாய்லர் ஓடுதான்னு கேட்டாலே பாதி தெரிஞ்சிரும், அது ஓடலைன்னா ஹீட் எக்ஸ்சேஞ்சர் எக்ஸ்பெரிமென்ட்டுக்கெல்லாம் ரீடிங் எங்கருந்து வரும், சீனியர் ரெக்கார்டு நோட்லருந்துதான். தண்ணி ஓட்டத்த அளக்கிற ரோட்டாமீட்டர் கண்ணாடில உப்பு படிஞ்சு மிதவையே தெரியலைன்னா தண்ணி ஓடி ரொம்ப நாளாச்சுன்னு அர்த்தம். அப்படியே அங்க நிக்கிற தேர்டு இயர் பசங்ககிட்ட இன்பிளான்ட் ட்ரெய்னிங் (பிளான்ட்டுக்குள்ளயே போய் எடுக்கிற பயிற்சி) எங்க போனீங்கன்னு கேளுங்க, தூத்துக்குடி ஸ்பிக், சாகுபுரம் டிசிடபிள்யூ, சென்னை மணலின்னு கெமிக்கல் பிளான்ட் பேரா சொன்னா நல்லது. வெறும் சர்டிபிகேட் வாங்கிட்டோம்னு சிரிச்சாய்ங்கன்னா புரிஞ்சுக்கங்க.

கடைசியா, கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்ட பிரவுசிங் சென்டர் அண்ணன்கிட்ட மொத்தமா விட்டுட்டு டீ குடிக்கப் போயிராதீங்க. கெமிக்கல் வேற, பெட்ரோகெமிக்கல் வேற, கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் வேற, ஒவ்வொண்ணுக்கும் தனி கோடு. லாக் ஆகுறதுக்கு முன்னாடி காலேஜ் கோடு, பிராஞ்ச் கோடு ரெண்டையும் பையனோ பொண்ணோ ஸ்கிரீனப் பாத்து சத்தமா படிக்கட்டும்.