திருமணப் படத்தில் பிடிப்பு குறையும்போது: ஆவணப் பாணிப் புகைப்படக்காரருக்குச் சில செய்முறைகள்

வேலை கைக்குப் படிந்த பிறகுதான் அலுப்பு தட்டும். முன்பணம் தவறாமல் வரும், படங்களில் பழுது சொல்ல முடியாது, வாடிக்கையாளரும் நன்றி சொல்வார். ஆனால் நேற்று எடுத்த திருமணத்தின் கோப்புறையைத் திறந்தால் போன மாதத்துத் திருமணம் மாதிரியே இருக்கும், முகங்கள் மட்டும் மாறியிருக்கும்.

இதற்கு மருந்து என்று நினைத்துப் பலர் புது லென்ஸ் வாங்குகிறார்கள், இல்லையென்றால் எடிட்டிங்கில் நிறத்தை மாற்றுகிறார்கள். அந்த உற்சாகம் சில வாரம் ஓடும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. போஸ் கொடுக்கச் சொல்லாமல் எடுத்தால் போதும், அது ஆவணப் பாணி என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்கச் சிரித்த முகங்களைத் துரத்துவதுதான் மிஞ்சும். இந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு, அது அன்றைக்கு எப்படி வெளிப்பட்டது என்பதைப் பதிவு செய்யும்போதுதான் படம் ஆவணமாகிறது. அதற்குத் திருமண நாளுக்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை நிறைய.

பழைய படங்களை விசாரியுங்கள்

கடைசியாக எடுத்த 10 திருமணங்களை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் உங்களுக்கே பிடித்த 15 படங்கள். வாடிக்கையாளர் புகழ்ந்ததும் லைக் குவிந்ததும் கணக்கில் வேண்டாம். மொத்தம் 150 படங்களையும் 10×15 செ.மீ. அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் இதைச் செய்தால் பலன் குறைவு. அங்கே ஒவ்வொரு படமாகப் பார்ப்போம், பழக்கதோஷம் கண்ணில் படாது.

ஒளி, நிறம் ஆகியவற்றை விட்டுவிட்டு, படத்தில் யாருக்கும் யாருக்கும் இடையே என்ன நடக்கிறது என்று பார்த்துக் குவியல் போடுங்கள். இரண்டு மூன்று குவியல்கள் மட்டும் உயரும். ஒருவருக்கு முதியவர்களின் கைகள், இன்னொருவருக்குக் கூட்டத்தில் தனியாக நிற்பவர்கள், வேறொருவருக்கு உடன்பிறந்தவர்களின் சீண்டல். உங்கள் கண் தானாகப் போகும் இடம் அது.

இல்லாத குவியலிலிருந்து கற்பது இன்னும் அதிகம். அப்பாக்களே இல்லையா? மணமகனின் நண்பர்கள் இல்லையா? காரணம் பெரும்பாலும் நீங்கள் நிற்கும் இடம்தான். அந்த 150 படங்களின் குவியத் தூரத்தையும் (லென்ஸின் மி.மீ. அளவு) பாருங்கள், கோப்பிலேயே பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 85 மி.மீ. அல்லது அதற்கும் நீளமான லென்ஸில் எடுத்தவை என்றால், இத்தனை நாளும் முகங்களைத்தான் எடுத்திருக்கிறீர்கள், உறவுகள் சட்டத்துக்கு வெளியே நின்றிருக்கின்றன.

இதையெல்லாம் பார்த்த பிறகு, எதை எடுக்கிறீர்கள் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். வேறு எந்தப் புகைப்படக்காரரின் விளம்பரத்திலும் அது பொருந்துமானால் கிழித்துப் போடுங்கள். ‘அழகிய தருணங்களைப் பதிவு செய்கிறேன்’ என்பதில் சரக்கு இல்லை. ‘ஒரு குடும்பத்தில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று எடுக்கிறேன்’ என்பதில் இருக்கிறது. அலங்காரமும் பாட்டியும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அந்த வாக்கியம் சொல்லிவிடும்.

முன்கூட்டிப் பேச வேண்டியது

வழக்கமான படிவம் நேரம், இடம், குரூப் போட்டோ பட்டியல் என்று முடிந்துவிடும். மூன்று நான்கு வாரங்களுக்கு முன் மணமக்களோடு ஒரு மணி நேரம் நேரில், முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் பேசுங்கள். எழுத்தில் கேட்டால் ஒரு வரிப் பதில்தான் வரும்.

கேட்க வேண்டியவை: உங்களை வளர்த்தது யார்? அன்றைக்கு யார் இல்லாததை நினைப்பீர்கள்? நெடுநாள் கழித்துச் சந்திக்கப்போகும் இருவர் யார்? யாரை யார் பக்கத்தில் நிறுத்தக் கூடாது? எதை எடுக்க வேண்டாம்? கடைசியாக, உங்கள் பெற்றோரின் திருமண ஆல்பத்தில் எந்தப் படத்தை அதிகம் பார்ப்பீர்கள், ஏன்? மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இந்தக் கேள்விக்குத்தான் விலை அதிகம். மேடையில் நேராக நிற்கும் படத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஓரத்தில் நிற்கும் இளவயது மாமா, இப்போது இல்லாத ஒரு தாத்தா, பழைய வீட்டின் வாசல் என்று பதில் வரும். தம்பதி எதைத் தேடுவார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பேச்சு முடிந்ததும் 8 முதல் 10 பேரின் பெயர், உறவுமுறை, அடையாளத்துக்கு ஒரு படம் ஆகியவற்றைச் செல்போனில் ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குரூப் போட்டோவை இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் ஆவணப் பாணிக்காரர்களிடம் உண்டு. தேவையில்லாத பந்தா அது. அத்தனை பேரும் ஒரே சட்டத்தில் இருக்கும் ஒரே படம் அதுவாகவே போய்விடலாம். 8 முதல் 10 குழுக்கள், குழுவுக்கு 3 நிமிடம், ஆக அரை மணி நேரம் என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள். நிற்க முடியாதவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் முதலில். ஆட்களைக் கூப்பிட இரு வீட்டிலும் குரல் எடுப்பான ஒருவரைப் பிடித்துவையுங்கள். அதை நீங்கள் செய்தால் அரை மணி ஒரு மணியாகிவிடும்.

அன்றைக்கு

முதல் ஒரு மணி நேரம் 35 மி.மீ. லென்ஸ் மட்டும். இருவரை இடுப்பு வரை எடுக்க ஏறத்தாழ 2 மீட்டருக்குள் போக வேண்டியிருக்கும். அந்தத் தூரத்தில் ஒளிந்து எடுக்க முடியாது, ஒளியவும் வேண்டாம். 45 நிமிடம் முன்னதாகப் போய், கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு நாலு பேரிடம் பேசுங்கள், ஒன்றுக்கும் உதவாத சில படங்களை எடுங்கள். ஷட்டர் சத்தம் பழகிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

லென்ஸில் ஒளி நுழையும் துளையை, அதாவது அப்பர்ச்சரை, முழுக்கத் திறந்து வைக்கும் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். முழுச்சட்டக் கேமராவில் (சென்சார் 36×24 மி.மீ.) 35 மி.மீ. லென்ஸை அகலத் திறந்த எஃப்/1.4-இல் வைத்து 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 27 செ.மீ. மகளுக்கு அரை மீட்டர் பின்னால் நிற்கும் அம்மாவின் முகம் கலங்கிவிடும். அந்த முகத்துக்காகத்தானே படமே எடுக்கிறோம். எஃப்/2.8-இல் ஆழம் சுமார் 55 செ.மீ., எஃப்/4-இல் சுமார் 80 செ.மீ. ஆனால் இந்த ஆழம் ஃபோகஸுக்கு முன்னும் பின்னுமாகப் பிரியும், பின்பக்கம் கொஞ்சம்தான் அதிகம் கிடைக்கும் என்பதால், அரை மீட்டர் பின்னால் நிற்பவருக்கு எஃப்/4-தான் ஏறத்தாழ எட்டும். நடை, அணைப்பு என்றால் ஷட்டர் 1/250 நொடி, ஆட்டம் என்றால் 1/500. ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு, மேல் வரம்பை உங்கள் கேமரா தாங்கும் அளவுக்கு வையுங்கள், 6400 வரை பயப்பட வேண்டாம். ஐ.எஸ்.ஓ. ஏறினால் வரும் துகளை அச்சில் அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை, கலங்கிய முகத்தை எல்லோரும் கவனிப்பார்கள்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டரை நம்பி இறங்கும் முன், போனவுடன் வெள்ளைச் சுவர் ஒன்றை 1/250-இல் எடுத்துப் பாருங்கள். எல்.இ.டி. விளக்கின் துடிப்பால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், அங்கே 1/100 அல்லது 1/50 கைகொடுக்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120 அல்லது 1/60. அப்படியும் கோடு போகவில்லையென்றால் மின்னணு ஷட்டரை மறந்துவிட்டு இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள், கோடு குறையும்.

சிரிப்பு உச்சத்துக்கு வந்ததும் பலர் எடுத்துவிட்டுக் கேமராவை இறக்குவார்கள். பத்து நொடி தாமதித்துப் பாருங்கள். முகம் தளரும், கை பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தேடும். எல்லோரும் பார்க்கும் திசைக்கு முதுகு காட்டிப் பார்ப்பதும் பழக வேண்டிய ஒன்று. மணப்பெண் கண்ணாடி முன் நிற்கிறாள், அறையில் உள்ள அத்தனை செல்போனும் அவள் பக்கம். திரும்பினால் கட்டில் விளிம்பில் தங்கை, அக்கா கழற்றிப் போட்ட வீட்டுச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அறுந்த வாரைத் திணித்துக்கொண்டிருப்பாள்.

தவறிப்போன எதையும் ‘இன்னொரு தடவை செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள். ஒரு முறை கேட்டால் போதும், அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர்கள் உங்களுக்காக நடிப்பார்கள். வெளிச்சம் சரியில்லையா, நீங்கள் நகருங்கள். துக்கத்தில் அழுபவரை நின்ற இடத்திலிருந்தே ஓரிரு படம் எடுத்துவிட்டுக் கேமராவை இறக்குங்கள், கிட்டே போக வேண்டாம். அந்தப் படம் குடும்பத்துக்குப் போகலாம். வெளியே போடுவதென்றால் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்குப் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

தேர்வும் பெயர்க் குறிப்பும்

இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் அன்று காலையிலேயே நொடி பிசகாமல் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை குலையும், ஆவணத்தில் வரிசைதான் கதை. அன்றிரவே பேக்கப்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். அதுவரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

தேர்வை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். முதலில், ஓரிரு நாளில், கழிப்பது மட்டும். ஒரு வாரம் ஆறப்போட்டு, அந்த ஒற்றை வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்று. 3000 படங்கள் 500, 600 ஆக வேண்டும். ஒரே சிரிப்பை மூன்று படம் கொடுத்தால் மூன்றும் நீர்த்துப்போகும். கண் மூடியிருந்தாலும் உறவு தெரிகிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் கிடக்கும் சார்ஜர் ஒயரையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் எடிட்டிங்கில் அழிக்காதீர்கள். 30 ஆண்டு கழித்து அந்தக் காலத்தைக் காட்டப்போவது அவைதான். நிறமும் தோலின் இயல்பை ஒட்டியே இருக்கட்டும், இந்த ஆண்டின் பிரபல நிறம் அடுத்த மூன்றாண்டில் பழசாகிவிடும்.

பெரும்பாலானோர் தவிர்க்கும் வேலை ஒன்று உண்டு: பெயர் எழுதுவது. முக்கியமான 60, 70 படங்களிலாவது கோப்பின் உள்ளே குறிப்பு எழுத இருக்கும் ஐ.பி.டி.சி. எனும் விளக்கப் புலத்தில் பெயர், உறவு, இடம், நாள் எழுதுங்கள். ஒரு மணி நேர வேலை. பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது ‘இந்த அத்தை யார்?’ என்று கேட்க ஆள் இருக்காது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் பெயர்களை அச்சிட்டுவிடுங்கள். சில மென்பொருள்களும் சமூக ஊடகங்களும் படத்தை ஏற்றும்போது கோப்பின் உள்குறிப்பை நீக்கிவிடும், காகிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

ஓராண்டு கழித்து

தம்பதியை அழைத்து இரண்டே கேள்வி கேளுங்கள். சுவரில் எந்தப் படம் மாட்டியிருக்கிறது? யாருக்காவது எந்தப் படத்தையாவது அனுப்பினீர்களா? பதிலை நோட்டில் எழுதி, உங்கள் இணையதளத்தில் இருக்கும் படங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் இணையதளத்தை மாற்றுங்கள். ஒற்றை ஒற்றையாக மின்னும் படங்களைக் காட்டினால் அப்படிப்பட்டவற்றைக் கேட்பவர்கள்தான் வருவார்கள். ஒரே திருமணத்தின் 40 படங்களைக் காலையிலிருந்து இரவு வரை வரிசையாகப் போடுங்கள். அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு அழைப்பவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதே வேறாக இருக்கும். நாள் முழுக்க போஸ் வேண்டும் என்பவரை அதில் தேர்ந்த சக தொழிலாளரிடம் அனுப்பிவிடுவது இருவருக்கும் நல்லது.

கடைசியாகக் கணக்கு. முன்பேச்சு, அந்த நாள், இரண்டு சுற்றுத் தேர்வு, எடிட்டிங், பெயர்க் குறிப்பு, ஆல்பம் எல்லாம் சேர்ந்தால் ஒரு திருமணத்துக்கு 35, 40 மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும், அதாவது முழுதாக ஒரு வேலை வாரம். ஒரே வாரத்தில் இரண்டு திருமணம் ஒப்புக்கொண்டால் முதலில் வெட்டுப்படுவது முன்பேச்சும் பெயர்க் குறிப்பும்தான். ஆண்டுக்கு எத்தனை திருமணம் என்பதை இந்த மணிக்கணக்கில் முடிவு செய்யுங்கள், விலையையும் அதை வைத்தே போடுங்கள்.