கடலின் பகல் சூடு: செயற்கைக்கோளோடு ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

ஏப்ரல் மாத வங்கக் கடல். காற்று விழுந்து, தண்ணீர் எண்ணெய் பூசினாற்போல் கிடக்கும். அப்படிப்பட்ட நாளில், விடிகாலைக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவே மேற்பரப்பு 2, 3 டிகிரிகூட ஏறிவிடும். காற்று நொடிக்கு 6 மீட்டரைத் தாண்டினால் அலை கலக்கிவிடும், ஏற்றம் பெரும்பாலும் அரை டிகிரியைக்கூட எட்டாது.

இந்த ஏற்றத்தைக் கடல் மாடல் (கடலை அடுக்கடுக்காகப் பிரித்து அதன் வெப்பநிலையைக் கணிக்கும் கணினி நிரல்) சரியாகக் கணித்ததா என்று பார்க்கும்போது, பலரும் முதலில் சறுக்குவது ஆழத்தில்தான். செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி காண்பது கடலின் தோலை மட்டும். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. மாடலின் முதல் அடுக்கு 1 மீட்டர், சிலவற்றில் 10 மீட்டர். மேலாக நிற்கும் சூட்டைப் 10 மீட்டருக்குப் பரப்பினால் என்ன மிஞ்சும்? அதைப் பார்த்து 'கணிப்பு 2 டிகிரி குறைவு' என்று எழுதுவது அநியாயம். மேலடுக்குச் சூட்டைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

வெப்பநிலையை நேரடியாக ஒப்பிடாமல், இரண்டிலும் விடிகாலை மதிப்பைக் கழித்து ஏற்றத்தை மட்டும் ஒப்பிடுங்கள். கருவியின் நிலையான பிழை பெருமளவு அதிலேயே கழிந்துவிடும். இங்கும் ஒரு பொறி உண்டு. கடலின் வெப்பநிலையைக் கணக்கிட உதவும் 3.9 மைக்ரான் அகச்சிவப்பு அலைவரிசையில் பகலில் சூரிய ஒளி கலந்துவிடுவதால் அதை இரவில் மட்டும் பயன்படுத்துவது வழக்கம். விடியும்போது கணக்கிடும் முறையே மாறினால், அந்தத் தாவல் கடல் சூடேறியதுபோலத் தெரியும். இரு வேளைக்கும் ஒரே முறையை வையுங்கள்.

மேகம் அடுத்த தொல்லை. காலையில் திறந்திருந்த இடம் பிற்பகலில் மூடியிருக்கும். இரு வேளையும் தெரிந்த புள்ளிகளை மட்டும் எடுங்கள்; மாடலின் சராசரியையும் அதே புள்ளிகளில் போடுங்கள். வெயில் அடித்த இடங்கள்தான் செயற்கைக்கோளுக்குத் தெரியும், அவைதான் அதிகம் சூடானவையும்.

நேரத்தையும் பாருங்கள்: 90 டிகிரி கிழக்கில் உலக நேரம் 8:30 என்றால் அங்கே சூரியக் கணக்கில் பிற்பகல் 2:30. இன்சாட்-3டிஆர் போன்ற, பூமியின் ஒரே இடத்துக்கு மேலேயே நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கொரு படம் தருகையில், நாள் சராசரியை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

இத்தனைக்குப் பிறகும் வித்தியாசம் நின்றால், கடல் மாடலைக் குறை சொல்லும் முன் அதற்குக் கொடுத்த காற்றைப் பாருங்கள். நொடிக்கு 2 மீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 4 மீட்டர் கொடுத்திருந்தாலே சூடு பாதிக்கு மேல் காணாமல் போகலாம்.